பெரட்டும் புரட்டும்

அத்தியாயம் 11

சனிக்கிழமை காலை பெரட்டுக்குப் போய்த் திரும்பிய வீரப்பன், தன்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை என்று வாசலிலேயே வருத்தப்பட்டார்.

பெரட்டு என்பது தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்கள் கூடிப் பேர் கொடுப்பது. முன்பு கங்காணி பேர் கூப்பிடுவார், ஆள் கையைத் தூக்கும். இப்போது ஆபீஸ் சுவரில் ஒரு பெட்டி இருக்கிறது, அதில் விரலை வைக்க வேண்டும். இருபது வருடம் பல்கலைக்கழக பஸ், இப்போது தோட்டத்தில் கொழுந்து லோரி என்று ஸ்டியரிங்கோடு வாழ்ந்த வீரப்பனின் விரலில் ரேகை என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. பெட்டி அவரை மூன்று முறை நிராகரித்தது. நாலாவது முறை கணக்கு எழுதுகிற கிராணி எழுந்து வந்து, "இவரு இருக்காரு லா" என்று பெட்டிக்குச் சாட்சி சொன்னார்.

"நான் இருக்கேன்னு நானே சொல்றேன், நம்பமாட்டேங்குது" என்றார் வீரப்பன்.

"ஒங்களுக்கு வெரல்தான் இல்ல" என்றார் மனைவி பவளம். "எனக்கு தமிழே தெரியாதுன்னு கையெழுத்து கேக்கறாங்க."

கையெழுத்து கேட்ட கதை போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். அந்த வாரம் பத்திரிகையைச் சுருட்டி முட்டைக்கோசு கட்டியவர்களுக்காக இன்னொரு தடவை.

கீழே சமவெளியில் இருக்கிற பல்கலைக்கழகத்துக்கு ஐம்பது வயதாகிறது. அதற்காக ஒரு மலர் போடுகிறார்கள். முன்னாள் விரிவுரையாளர், முன்னாள் பணியாளர், முன்னாள் மாணவர் யாரும் நினைவுகளை எழுதலாம். கூடவே நிரப்பித் தர ஒரு பாரம். அதில் மூன்று கட்டம், நீங்கள் எந்த முன்னாள் என்று டிக் அடிக்க வேண்டும்.

மாணவர்கள் காதலைப் பற்றி எழுதினார்கள். விரிவுரையாளர்கள் தங்களைப் பற்றி எழுதினார்கள். விடுதிச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பவளம், பணியாளர் கட்டத்தில் டிக் அடித்து, நாலு பக்கம் சொல்லச் சொல்ல, மூன்றாம் ஆண்டு படிக்கிற மகன் ஷர்வின் டைப் அடித்து அனுப்பினான்.

நல்ல கட்டுரை. பரீட்சை வாரத்தில் ரசம் இரண்டு அண்டா கூடப் போனதும், பொருளாதாரம் படித்தவர்கள் இரண்டு முட்டை எடுத்து ஒன்று என்று சொன்னதும், பட்டமளிப்பு அங்கியோடு சமையலறைக்குள் வந்து மீன்குழம்பில் கையை விட்ட ஒரு பையன் இன்று வரை அந்தக் கறையோடுதான் போட்டோவில் இருக்கிறான் என்பதும் அதில் இருந்தன. அப்போது விடுதிக் காப்பாளராக இருந்த பேராசிரியர் லோகேஸ்வரனைப் பற்றி ஒரு பாராட்டும் இருந்தது. தினமும் காலை ஆறு மணிக்குச் சாப்பாட்டு மண்டபத்தில் மாணவர்களை நிற்கவைத்து அவர் பேர் கூப்பிடுவார். தோட்டத்தில் பிறந்த பவளத்துக்கு அதற்கு ஒரே வார்த்தைதான் தெரியும்.

மலர்க்குழு டவுனில் வளர்ந்த குழு. அவர்களுக்கு 'பெரட்டு' எழுத்துப்பிழையாகத் தெரிந்தது. ஏழு இடத்திலும் திருத்தினார்கள்.

அச்சுப்படி வந்தபோது கட்டுரை இப்படி இருந்தது: "பேராசிரியர் லோகேஸ்வரன் தினமும் காலை ஆறு மணிக்குப் புரட்டு நடத்துவார். மழையானாலும் புரட்டு நிற்காது. அவர் புரட்டிலிருந்து ஒரு மாணவரும் தப்பியதில்லை. புரட்டு முடிந்த பிறகுதான் எல்லாருக்கும் பசியாறல்."

பேராசிரியர் படித்தார். ரத்த அழுத்த மாத்திரை போட்டார். பிறகு பவளத்தின் பேரில் ஒரு மன்னிப்புக் கடிதம் தயாரானது.

அந்தக் கடிதம்தான் இன்று வீட்டுக்கு வருகிறது. கொண்டு வருவது பவளத்தின் மகள் நளினி.

*

நளினி அதே பல்கலைக்கழகத்தில் தமிழ் விரிவுரையாளர். கான்ட்ராக்ட் விரிவுரையாளர் என்று சொல்வதுதான் சரி. வருடத்துக்கு ஒரு முறை, அவள் இன்னும் ஒரு வருடம் இருக்கலாமா என்று ஒரு மேசை முடிவு செய்யும். நாலு வருடமாக அந்த மேசை தலையசைத்தது. ஐந்தாவது முறை வருகிற திங்கட்கிழமை. மேசைக்குப் பின்னால் இருப்பவர் லோகேஸ்வரனிடம் ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர். அவருக்கு இன்றும் சாரைக் கேட்காமல் பேனா எழுதாது.

காலை ஏழுக்குப் புறப்பட்டவள் பகல் ஒன்றரைக்கு வந்து சேர்ந்தாள். மலையடிவாரத் தாப்பாவிலிருந்து ரிங்லெட் வரை மலை ஏற ஒன்றரை மணி நேரம். ரிங்லெட்டுக்கு மேல் ஸ்ட்ராபெரி பார்க்க வந்த கார்களுக்குப் பின்னால் நிற்க மீதி நேரம்.

"சாப்டியா?" என்றார் பவளம்.

"இல்லம்மா. மொதல்ல இத பாத்துடு."

"அப்ப மொதல்ல சாப்டு."

நளினி சாப்பிட்டாள். அந்த வீட்டில் எந்த விவாதமும் வெறும் வயிற்றில் நடப்பதில்லை. கை கழுவி வந்து கடிதத்தைப் பிரித்து, மேசையில் வைத்தாள். ஷர்வின் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தான்.

"'எனது மொழியறிவுக் குறைவினால் நேர்ந்த இப்பிழைக்காகப் பேராசிரியரிடம் நிபந்தனையற்ற வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.' ம்மா, ஒனக்கு நல்ல தமிழ் வருது லா."

"நீ சும்மா இரு" என்றாள் நளினி.

"தப்பு பண்ணது அவங்க கொழு. மன்னிப்பு கேக்கறது அம்மாவா?"

"எனக்கு தெரியாதா? நான் போயி சொன்னேன். அது பெரட்டு, தோட்டத்து வார்த்தைன்னு சொன்னேன். அகராதிய எடுத்து பாத்துட்டு இல்லங்கறாங்க. சாருக்கு கோவம் போகணும், அவ்ளோதான். ஒரு கையெழுத்தும்மா. கட்டுரையும் வரும், என் பேப்பரும் நகரும்."

வீரப்பன் இருவரையும் பார்த்தார். அவரும் முன்னாள் பணியாளர்தான், ஆனால் மலருக்கு எழுதவில்லை. கேட்டபோது, "பஸ் போச்சு, பஸ் வந்துச்சு, வேற என்னா எழுதறது" என்று சொல்லிவிட்டார். இப்போதும் அதே கொள்கையோடு லோரிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பவளம் கடிதத்தைக் கையில் எடுத்தார். மெதுவாகத்தான் படிப்பார். ஒவ்வொரு வார்த்தையையும் அரிசியில் கல் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

"நிபந்தனையற்றன்னா?"

"பதிலுக்கு எதுவும் கேக்காமன்னு அர்த்தம்."

"மொழியறிவுக் குறைவு."

"அது சும்மா எழுதறதும்மா."

"சும்மா எழுதறதுன்னா அவரே எழுதி அவரே கையெழுத்து போட்டுக்கலாம்ல." பவளம் கடிதத்தை மேசையில் வைத்து, அதன்மேல் உப்பு டப்பாவை வைத்தார். "நளினி, நீ படிச்சது அச்சுல வந்தத. நான் சொன்னத நீ படிக்கல. ஒரு பத்திய வெட்டிட்டானுங்க."

"எந்தப் பத்தி?"

"எடம் பத்தலையாம்."

ஷர்வின் போனை எடுத்து, அனுப்பிய பிரதியைத் தேடி நீட்டினான். "சாரோட கட்டுரைக்கு பதினெட்டு பக்கம் எடம் இருக்கு. அதுல மூணு பக்கம் அவரு ஜப்பானுக்கு போனது."

நளினி வாசித்தாள்.

"பேராசிரியர் லோகேஸ்வரன் பசியாறியதும் ஒரு நோட்டோடு சமையலறைக்கு வருவார். வெங்காய மூட்டைமேல் உட்காருவார். பவளம், தோட்டத்தில் இதற்கு என்ன சொல்வீர்கள், அதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்பார். நான் காய் வெட்டிக்கொண்டே சொல்வேன். அவர் எழுதிக்கொள்வார். இப்படி மூன்று வருடம். எத்தனை வார்த்தை என்று ஒருநாள் கேட்டேன். இருநூற்றுப் பதினான்கு என்றார். பிறகு அது புத்தகமாக வந்தது என்று கேள்விப்பட்டேன். நான் பார்த்ததில்லை."

நளினி இரண்டாவது முறை வாசித்தாள். போனை மேசையில் வைத்தாள்.

"எந்தப் புத்தகம்?" என்று கேட்டாள், தெரிந்துகொண்டே.

லோகேஸ்வரன் எழுதியது ஒரே ஒரு புத்தகம்தான். 'மலைத்தோட்டச் சொற்கோவை'. அதற்காகத்தான் அவர் பேராசிரியரானார், அதற்காகத்தான் ஜப்பானுக்குப் போனார். நாலு வருடமாக நளினி வகுப்பில் நடத்துவதும் அதுதான். அகர வரிசைப்படி நடத்த வேண்டும் என்பது பாடத்திட்டம். பதினாலு வாரத்தில் 'ந'வோடு செமஸ்டர் முடிந்துவிடும். பல்கலைக்கழக வரலாற்றில் எந்த மாணவரும் 'ப'வைப் பார்த்ததில்லை. நடத்தியவளும் பார்த்ததில்லை.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீ எப்ப கேட்ட? ஒனக்கு அப்ப ஏழு எட்டு வயசு. பெறகு நீ படிச்ச, வேலைக்கு போன, பெரிய பெரிய பேரா சொல்லிட்டு இருந்த. வெங்காய மூட்டய நடுவுல எங்க கொண்டாந்து வைக்கறது."

நளினி எழுந்து காருக்குப் போனாள். மழை தூற ஆரம்பித்திருந்தது. தோட்ட வீடுகளின் லைனுக்கு எதிரே தேயிலைச் சரிவில் ஒரு சுற்றுலாக் குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. காருக்கு ஓடிய நளினியைக் கொஞ்சம் ஓரமாகப் போகும்படி கை காட்டினார்கள். அவள் போகவில்லை. பின் சீட்டிலிருந்து புத்தகத்தை எடுத்து, நடுச்சாலையில் நின்றே புரட்டினாள்.

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்.

"பெரட்டு: தோட்டங்களில் விடியலில் ஆட்களைக் கூட்டிப் பெயர் அழைத்தல். எ.கா.: 'பெரட்டுக்கு நேரமாகிவிட்டது, மிச்சக் கனவைப் பேருந்தில் காண்.' தகவல்: பெயர் அறியப்படாத தோட்டப் பெண்."

பேராசிரியர் இலக்கணத்தைத் திருத்தியிருந்தார். ஆனால் அந்த வாக்கியத்தை நளினிக்கு இலக்கணம் இல்லாமலே தெரியும். விடுதிக் குவார்ட்டர்ஸில் பள்ளிக்கூட நாள் ஒவ்வொன்றிலும் போர்வையை உருவிக்கொண்டு அம்மா போட்ட சத்தம் அது. பெரட்டுக்கு நேரமாச்சு, மிச்சக் கனவ பஸ்ஸுல காணு. உலகத்தில் வேறு யாரும் யாரையும் அப்படி எழுப்பியிருக்க வாய்ப்பில்லை.

அவள் நனைந்துகொண்டே உள்ளே வந்து, புத்தகத்தை விரித்து அம்மாவின் முன் வைத்தாள். பவளம் விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது.

"பேரு அறியப்படாதவளா?" என்றார். "பவளம், சம்பல் இன்னும் கொஞ்சம் வையின்னு தெனம் கேப்பாரே."



*

நாலு மணிக்குப் பேராசிரியர் கூப்பிட்டார்.

அந்த லைனில் போன் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில், பின்பக்கம் கோழிக் கூண்டின் மேல். கூண்டுக்கு மேல் தகரக் கூரை நீட்டியிருப்பதால் மழையிலும் பேசலாம். அழைப்பை எதிர்பார்க்கிறவர்கள் போனை அங்கே வைத்துவிட்டு வருவார்கள். பேச வேண்டியவர்கள் குனிந்து பேச வேண்டும். அம்மா, மகள், மகன் மூவரும் குனிந்தார்கள்.

"நளினி, அம்மா கையொப்பம் இட்டாயிற்றா?"

"அம்மா பக்கத்துலதான் இருக்காங்க சார். ஸ்பீக்கர் போடறேன்."

"அதற்கு அவசியம் இல்லை."

"வணக்கம் சார். பவளம் பேசறேன். ஒடம்பு எப்படி இருக்கு?"

"நலம். பாருங்கம்மா, உங்கள் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. நீங்கள் தெரியாமல் ஒரு சொல்லைப் போட்டுவிட்டீர்கள். பெரட்டு என்று தமிழில் ஒரு சொல்லே கிடையாது. புரட்டு என்றுதான் உண்டு. அதற்குப் பொருள் தெரியுமா?"

"தெரியும் சார். சார், ஒங்க புத்தகம் கைக்கு எட்டற மாரி இருக்கா?"

"எந்தப் புத்தகம்?"

"நீங்க எழுதுன புத்தகம்தான் சார். நூத்தி நாப்பத்தி மூணு."

பேராசிரியர் வீட்டில் நாற்காலி நகர்ந்தது. பக்கங்கள் புரண்டன. இந்தப் பக்கம் கோழிகள் கொக்கரித்தன.

"இது அச்சகத்தார் சேர்த்ததாக இருக்கலாம்" என்றார் கடைசியில்.

"மிச்சக் கனவ பஸ்ஸுல காணு. அச்சகத்துக்காரரு எங்க வீட்டுக்கு வந்ததில்ல சார்."

"சரி பவளம். இப்ப ஒனக்கு என்ன வேணும்?"

இதுவரை 'நீங்கள்' என்று மேடைத்தமிழில் நின்றவர் ஒரே எட்டில் 'ஒனக்கு'வில் இறங்கிவிட்டார். பவளத்துக்கு அதில் ஆச்சரியம் இல்லை. வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து பேசிய குரல் அது.

"கடுதாசியில கையெழுத்து போடமாட்டேன். வெட்டுன பத்திய திருப்பி போடணும். எம் பேரோட போடணும்."

"வார்த்தைய திருத்தச் சொல்லிடறேன். ஏழு எடத்துலயும் பெரட்டுன்னே வரும். கடிதமும் வேணாம், விடு. பத்தி மட்டும் முடியாது. பழைய விஷயம். எடமும் இல்ல."

"ஜப்பான்ல ஒரு பக்கம் கொறச்சா வரும் சார்" என்றான் ஷர்வின்.

"யாரது?"

"முன்னாள் கொழந்த" என்றான் ஷர்வின்.

பவளம் அவன் தலையைத் தள்ளிவிட்டு இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"பத்தி வராதுங்களா?"

"வராது."

"அப்ப வார்த்தைய திருத்த வேணாம் சார்."

"என்ன சொல்ற?"

"புரட்டுன்னே இருக்கட்டும். ஏழு எடத்துலயும். நான் சரியா சொல்லல, ஒங்க கொழு சரியா போட்டிருக்கு."

ஒரு கோழி இறக்கையை உதறிற்று. பேராசிரியரின் குரல் மறுபடியும் மேடையில் ஏறியிருந்தது.

"நளினி. திங்கட்கிழமை உன் கோப்பு மேசைக்கு வருகிறது. நினைவு இருக்கட்டும்."

"இருக்கு சார்."

போன் அணைந்தது.

*

உள்ளே வந்ததும் பவளம் உட்காரவில்லை. கோழிக் கூண்டருகே நின்ற பவளம் வேறு, அடுப்படியில் நிற்கிற பவளம் வேறு. மேசையில் உப்பு டப்பா நகர்த்தப்பட்டிருந்தது. கடிதம் அவர் கையில் இருந்தது.

"நாலு வருசம்" என்றார். "எத்தன வகுப்பு எடுத்திருப்ப. நான் எங்கியோ தோட்டத்துல கெடக்கறேன். எம் பேரு இருந்தா என்ன, இல்லன்னா என்ன. மொழி தெரியாதுன்னு போட்டா நாளைக்கு காலையில எனக்கு பேச்சு நின்னுடுமா? பேனாவ குடு."

ஷர்வின் பேனாவைப் பின்னால் மறைத்தான்.

"குடுடா."

கொடுத்தான். பவளம் பேனாவைத் திறந்து, கையெழுத்துக்காக விட்டிருந்த கோட்டைத் தேடினார். பேனா முனை காகிதத்தைத் தொடுவதற்குள் நளினி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். பலமாக இல்லை. ஆனால் விடவும் இல்லை.

"ஷர்வின், மலர் பாரம் இன்னொண்ணு இருக்கா?"

"ரெண்டு இருக்கு. அப்பா எழுதுவாருன்னு எடுத்து வச்சேன்."

"எப்ப கடைசி?"

"நாளைக்கு சாயந்தரம் வரைக்கும்."

பாரம் வந்தது. நளினி அம்மாவின் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். மூன்று கட்டம். அவள் அங்கே படித்தவள், ஆகையால் 'முன்னாள் மாணவர்' என்பதில் டிக் அடிப்பாள் என்று தம்பி நினைத்தான். பேனா அதைத் தாண்டி மேலே போயிற்று.

முன்னாள் விரிவுரையாளர். டிக்.

"அக்கா, தப்பான கட்டம் லா" என்றான் ஷர்வின். "நீ இன்னும் முன்னாள் ஆகல."

"திங்கக்கெழம ஆயிடுவேன். எதுக்கு ரெண்டு தடவ எழுதிகிட்டு."

பவளம் மகளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஈரத் தலையோட இருக்க" என்று மட்டும் சொன்னார்.

நளினி கடிதத்தைத் திருப்பினாள். பின்பக்கம் நல்ல வெள்ளையாக இருந்தது. நிபந்தனையற்ற வருத்தத்துக்கு விலையுயர்ந்த காகிதம் போட்டிருந்தார்கள். அதில் எழுத ஆரம்பித்தாள்.

"நான் நாலு வருடம் நடத்திய பாடப்புத்தகத்தின் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் பெயர் அறியப்படாத ஒரு பெண் இருக்கிறார். அவர் பெயர் பவளம்."

அங்கே நிறுத்தி, அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "மிச்சம் இருநூத்தி பதிமூணு எது எதுன்னு ஞாபகம் இருக்கா?"

"நான் பேசறதுதானே. அத யாராச்சும் மறப்பாங்களா?" என்றார் பவளம். "ஒவ்வொண்ணா பேர் சொல்லி கூப்புடறேன், எழுது."

பின்பக்கம் கோழிக் கூண்டின் மேல் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. ஷர்வின் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தான்.

"சார் நம்பர் இல்ல. யாருன்னு தெரியல. கீழ இருந்துதான் வருது. எடுக்கவா?"

பவளம் வெளியே பார்க்கவில்லை. மகளின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கட்டும்" என்றார். "பெரட்டு நடக்குதுல்ல."